மணலூர் மணியம்மாவுக்குச் சேலை கட்டிவிடாதீர்கள்

திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தின் தமிழ், வரலாற்றுத் துறை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

2024 மக்களவைத் தேர்தலில், 85 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே வாக்களிக்கத் தேர்தல் ஆணையம் ஏற்பாடு செய்தது. அதற்காக ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதியிலும் அப்படிப்பட்டவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்தார்கள். அந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஒருவர், 1953இல் குறைந்தது பதினான்கு வயதுப் பிள்ளை. ஊரில் நடப்பதை எல்லாம் பார்த்து, கேட்டு, மனத்தில் வைத்துக்கொள்ளும் வயது அது. உங்கள் மாவட்டங்கள் அடங்கிய கீழத் தஞ்சையின் வரப்புகளில் வேட்டியும் அரைக்கைச் சட்டையும் கிராப்புத் தலையுமாக நடந்துபோன ஒரு பெண்மணியைக் கண்ணால் கண்டவர்களில் இன்று எஞ்சியிருப்போர் அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள், கேட்டதை அப்படியே பதிவு செய்யுங்கள் என்று வேண்டவே இந்த மடலை எழுதுகிறேன்.

மணலூர் மணியம்மா என்றால் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியாரின் துணைவியார் அன்னை மணியம்மையார் வேறு, இவர் வேறு. இருவரையும் ஒருவராக எண்ணிக்கொண்டு பேசுகிறவர்களைப் படித்தவர்களுக்குள்ளேயே பார்க்கிறேன். ஒரு மண்ணின் பெரிய மனுஷியை அந்த மண்ணிலேயே அடையாளம் சொல்லி விளக்க வேண்டியிருப்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

வாலாம்பாள் என்ற பெயரோடு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஒரு வழக்கறிஞருக்கு இரண்டாம் தாரமாக மணம் முடித்துக் கொடுக்கப்பட்டவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்து அக்கிரகாரத்தில் அதற்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு என்ன வாழ்க்கை என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மழித்த தலை, ஒற்றைத் துணி, ஒரு வேளைச் சாப்பாடு, நல்ல காரியத்தில் முன்னே வரக்கூடாது என்ற விலக்கு. காந்தியின் வழியால் ஈர்க்கப்பட்டுக் காங்கிரசுக்கு வந்தார். பிறகு, நிலத்தில் உழைப்பவர்களின் பாட்டைத் தீர்க்க அங்கே வழியில்லை என்று கண்டு பொதுவுடைமை இயக்கத்துக்குப் போனார். மணலூரில் நிலபுலமுள்ள வீட்டுப் பெண்ணாக இருந்துகொண்டே, பெருநிலக்காரர்களின் பண்ணைகளில் கட்டுண்டு உழைத்த பண்ணையாள்களின் பக்கம் நின்றார். சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். சிலம்பம் கற்றார். வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சிறை சென்றார். 1953இல் பூந்தாழங்குடி என்ற ஊரில் கொம்புள்ள மான் ஒன்று முட்டியதில் இறந்துபோனார்.

இதை எழுதிவிட்டுப் பார்த்தால், எல்லாத் தலைவர்களைப் பற்றியும் எழுதப்படுகிற வாழ்க்கைக் குறிப்பு போலத்தான் இருக்கிறது. எனக்கு இது போதவில்லை. இந்தக் குறிப்பில் மணியம்மா இல்லை. அவர் இருப்பது அந்தக் கிராப்புத் தலையில், வேட்டியில், தோளில் கிடந்த துண்டில். அந்தக் கோலத்தைப் பார்த்து ஊர் என்ன பேசியது, யார் சிரித்தார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், யார் கை கூப்பினார்கள் என்பதில்.

அந்தக் கோலத்தைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். விதவைக்குத் தலையை மழிப்பது சாதி போட்ட விதி. முடியை வளர்த்துக் கூந்தலாக முடிந்துகொள்வது அந்த விதியை மீறுவது. மணியம்மா இரண்டையும் செய்யவில்லை. ஆண்பிள்ளைகளைப் போல வெட்டிவிட்டுக்கொண்டார். மொட்டையடித்த பாப்பாத்தி என்று இகழவும் முடியாமல், சுமங்கலிக் கோலம் போடுகிறாள் என்று பழிக்கவும் முடியாமல் ஊர் திகைத்திருக்கும். இருட்டில் வாய்க்கால் தாண்டி, களத்துமேடு ஏறி, சேரிக்குப் போய்க் கூட்டம் நடத்திவிட்டு விடிவதற்குள் திரும்ப வேண்டிய வேலைக்கு ஒன்பது கெஜப் புடவை ஒத்துவராது என்பதும் எளிய உண்மை.

தோளில் துண்டு என்பது இன்னும் பெரிய செய்தி. அந்தக் காலக் கீழத் தஞ்சையில் பண்ணையாள், பெருநிலக்காரரான மிராசுதார் முன்னால் தோளில் துண்டு போட முடியாது. அதை எடுத்துக் கக்கத்திலோ இடுப்பிலோ வைத்துக்கொள்ள வேண்டும். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. காலில் செருப்பு கூடாது. தப்பு என்று பண்ணை நினைத்துவிட்டால் சவுக்கடியும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவதும் தண்டனையாக இருந்தன. கர்நாடகத்தில் பிறந்து, 1943இல் இந்த மண்ணுக்கு வந்து தங்கிய பொதுவுடைமை இயக்கத் தலைவர் பி. சீனிவாசராவும் அவரோடு நின்ற தோழர்களும் நடத்திய போராட்டத்தால், 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்படிக்கையில்தான் அந்தத் தண்டனைகள் கூடாது என்று எழுத்தில் வந்தது. அப்படிப்பட்ட காலத்தில், எந்தத் துண்டை ஒரு சேரி மனிதர் தோளில் போட முடியாதோ அந்தத் துண்டை, விதவையான ஒரு அக்கிரகாரத்துப் பெண் தோளில் போட்டுக்கொண்டு சேரி மக்களுக்கு முன்னால் நடந்தார். அதைப் பார்த்த ஒரு பண்ணையாளின் மகனுக்கு மனத்தில் என்ன ஓடியிருக்கும்? அதற்கு நான் ஒரு விடையைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆனால் விடை தெரிந்தவர் எங்கோ ஒரு திண்ணையில் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது என் கற்பனைக்கு என்ன தேவை?

இந்த வேலையை ஒருவர் முன்பே செய்து காட்டியிருக்கிறார். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் கீழத் தஞ்சையில் ஊர் ஊராகச் சென்று, மணியம்மாவோடு பழகியவர்களையும் அவரைப் பார்த்தவர்களையும் தேடிப் பிடித்து, அவர்கள் சொன்னவற்றைக் கேட்டு, ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்ற நாவலை எழுதினார். 1991இல் அது வெளிவந்தது. அவர் மட்டும் அந்த நேரத்தில் போகாமல் இருந்திருந்தால், மணியம்மா என்ற பெயர் கட்சிக்காரர்களின் சில கட்டுரைகளோடு நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன். தனி ஒரு பெண், அரசு வாகனமும் பல்கலைக்கழக நிதியும் இல்லாமல், தம் ஆர்வத்தின் வலுவில் செய்த வேலை அது. அந்த அம்மையார் 2014இல் மறைந்தார்.

ஆனால் நாவல் நாவல்தான். அதில் ஆசிரியரின் நடை இருக்கிறது, அவருடைய தேர்வு இருக்கிறது. பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னதை ஒரு கதையாக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. 1953க்கும் 1991க்கும் இடையே முப்பத்தெட்டு ஆண்டுகள். அப்போது அவரிடம் பேசியவர்கள் நடு வயதினர், முதியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்று இருக்க வாய்ப்பில்லை. 1991க்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இப்போது மிஞ்சியிருப்பவர்கள், அன்று அரைஞாண் கயிறோடு ஓடித் திரிந்த பிள்ளைகள். பெரியவர்கள் பேசியதை அரைகுறையாகக் கேட்டவர்கள், மணியம்மாவிடம் அரிச்சுவடி படித்திருக்கக்கூடியவர்கள், அவர் வண்டிக்குப் பின்னால் ஓடியிருக்கக்கூடியவர்கள். பிள்ளைகள் கவனிக்கிற விஷயங்களே வேறு. நாவலாசிரியரிடம் பெரியவர்கள் போராட்டத்தைச் சொல்லியிருப்பார்கள். இந்தக் கிழவர்களும் கிழவிகளும், அவர் என்ன நிறத் துண்டு போட்டிருந்தார், எந்த மாட்டைப் பூட்டினார், யாரை எப்படிக் கூப்பிட்டார், கோபம் வந்தால் என்ன சொல்லித் திட்டுவார் என்று சொல்லக்கூடும்.

ஆட்சியர் அவர்களே, உங்கள் கையில் இருப்பதை நினைவூட்டுகிறேன். வீட்டிலிருந்து வாக்களித்தவர்களின் பட்டியல் தேர்தல் பிரிவில் இருக்கிறது. முதியோர் உதவித்தொகை பெறுவோரின் பட்டியல் வட்டாட்சியர் அலுவலகங்களில் இருக்கிறது. எந்தத் தெருவில் எந்தப் பாட்டி இன்னும் நினைவு தப்பாமல் பேசுகிறார் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் அங்கன்வாடிப் பணியாளரும் ஒரே நாளில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பட்டியல்களை வெளியாள்களிடம் கொடுக்க வேண்டாம். அந்தப் பெரியவர்களின் வீட்டாரைக் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் பல்கலைக்கழக மாணவர்களை அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

பேராசிரியர்களே, உங்களிடம் கேட்பது கொஞ்சம் அதிகம். உங்கள் வகுப்புகளில் இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களையே அனுப்புங்கள். வெளியூர்ப் பேச்சோடு போகிறவரிடம் ஒரு கிழவி ‘அப்படித்தான் இருந்தாங்க’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். பேத்தி வயதில் அதே ஊர்ப் பேச்சில் கேட்டால் அரை நாள் பேசுவார். ‘மணியம்மா விவசாயத் தொழிலாளர்களுக்காக என்னென்ன செய்தார்?’ என்று தேர்வுத்தாள் கேள்வி கேட்டால், மேடையில் கேட்ட பேச்சுதான் திரும்பி வரும். நடவுக்கு எத்தனை மரக்கால் கூலி, அறுவடைக் களத்தில் யார் அளந்தார்கள், மணியம்மா வந்த நாளில் அந்த அளவு மாறியதா, வீட்டில் அவர் கையால் சாப்பிட்டவர்கள் உண்டா, சாப்பிட மறுத்தவர்கள் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். நடவுப் பாட்டிலோ தாலாட்டிலோ அவர் பெயர் எங்காவது நுழைந்திருக்கிறதா என்று பாட வைத்துக் கேளுங்கள்.

சேரிக்கு மட்டும் போகாதீர்கள் என்றும் சொல்வேன். இதில் எனக்கு உறுதி உண்டு. அக்கிரகாரங்களை விட்டுச் சென்னைக்கும் பம்பாய்க்கும் போன குடும்பங்களில், ‘எங்கள் வீட்டுக்கு எதிரில் ஒரு அத்தை இருந்தாள், ஆண்பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டு திரிவாள், நாங்கள் பேசக்கூடாது என்று அடிப்பார்கள்’ என்ற நினைவு யாரிடமாவது இருக்கலாம். பண்ணை வீட்டு வாரிசுகளிடம் ‘அந்த அம்மா வந்து எங்கள் ஆள்களைக் கெடுத்துவிட்டாள்’ என்ற மனக்குறை இன்னும் இருக்கலாம். பண்ணையை மேற்பார்த்த காரியக்காரராக இருந்தவரின் மகன் தன் அப்பா சொன்னதைச் சொல்லலாம். ஏசியவர்களின் நினைவையும் கேட்டுப் பதிவு செய்தால்தான் அவர் எதை எதிர்த்து நடந்தார் என்பது பின்னால் வருபவர்களுக்குப் புரியும். ஊரே அவரைக் கொண்டாடியது போல எழுதி வைத்தால், அவர் பட்ட பாடு பொய்யாகிவிடும்.

அவர் இறந்த விதத்தைப் பற்றியும் இப்படித்தான். மான் முட்டி ஒருவர் இறப்பது நம் பக்கத்தில் நடக்கிற காரியமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அது தற்செயல்தானா, யாராவது ஏவிவிட்டார்களா என்ற ஐயம் ஊர்ப் பேச்சில் நெடுநாள் இருந்தது. உண்மை இதுதான் என்று தீர்ப்புச் சொல்ல என்னால் இயலாது, உங்களாலும் இயலாமல் போகலாம். தீர்ப்பைக் கேட்கவும் இல்லை. மானைப் பற்றி யார் யார் என்ன சொல்கிறார்களோ அதை எல்லாம், ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும், தனித்தனியாக எழுதி வையுங்கள். எது சரி என்று இப்போதே முடிவு செய்து மற்றவற்றைக் கழித்துவிடாதீர்கள்.

அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1952இல், தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகைக்காரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றும், பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்றும் அது சொன்னது. குறைகள் இருந்தன, ஏய்க்க வழிகளும் இருந்தன. ஆனாலும் சட்டப் புத்தகத்தில் பண்ணையாள் என்ற சொல் உரிமையுள்ள ஒரு மனிதரைக் குறிக்கத் தொடங்கியது அப்போதுதான். அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குகளை விசாரித்த அலுவலர்களின் கோப்புகள், பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட காவல்துறைக் குறிப்புகள், சிறைப் பதிவேடுகள் ஆகியவற்றைச் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்திலும் தஞ்சை ஆட்சியர் அலுவலகப் பழைய பதிவறையிலும் தேடச் சொல்லுங்கள். பொதுவுடைமைக் கட்சி ஏடான ‘ஜனசக்தி’யின் பழைய இதழ்களையும் ஒருவர் முழுதாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். மணியம்மாவின் தலைமுடியையும் உடையையும் பற்றி ஒரு காவல்துறைக் குறிப்பெழுத்தர் என்ன எழுதியிருப்பார் என்று அறிய எனக்கு மிகுந்த ஆவல். அரசு தன் கண்ணால் கண்ட மணியம்மாவையும், சேரிக் கிழவி கண்ட மணியம்மாவையும் அருகருகே வைத்துப் படிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

ராஜம் கிருஷ்ணனின் நூல்களை அவர் உயிரோடு இருந்தபோதே, 2009இல், தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. அதனால் அந்த நாவலை அச்சிட யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை. இரண்டு மாவட்டங்களிலும் உள்ள அரசுப் பள்ளி நூலகங்களுக்கும் கிளை நூலகங்களுக்கும் தலா இரண்டு படி கொடுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை அதைப் படித்துவிட்டுத் தன் கொள்ளுப்பாட்டியிடம் போய் ‘இது உண்மையா?’ என்று கேட்டால், பாதி வேலை தானாகவே நடந்துவிடும்.

இனி, தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். எதிர்காலத்தில் என்றாவது மணியம்மாவுக்குச் சிலையோ, வளைவோ, பாடநூலில் படமோ வைக்கும் பேச்சு வரும். வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் நம் நாட்டில் பெண்ணுக்குச் சிலை என்றால் கொண்டையும், மடிப்புக் கலையாத சேலையும், சாந்தமான முகமும் என்று சிற்பியின் கை தானாகப் போய்விடுகிறது. ‘தலைவர் என்றால் கண்ணியமாக இருக்க வேண்டாமா, வேட்டி சட்டையில் வைத்தால் மக்கள் என்ன நினைப்பார்கள்?’ என்று குழுவில் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்பார். தயவு செய்து அதற்கு இணங்கிவிடாதீர்கள். அக்கிரகாரம் அவரை ஒதுக்கியது அந்த வேட்டிக்காக, அந்தக் கிராப்புக்காக, அந்தத் துண்டுக்காக. உயிரோடு இருந்தபோது யார் சொல்லியும் மாற்றிக்கொள்ளாத கோலத்தை, இறந்த பிறகு நாம் மாற்றுவது அவரை இரண்டாம் முறை சாதிக்கு ஒப்படைப்பதாகும்.

அதேபோல் அவரை ஒரு கட்சியின் சொத்தாகவும், ஒரு சாதியின் பெருமையாகவும் குறுக்கப் பார்ப்பவர்கள் வருவார்கள். எங்கள் கட்சி வளர்த்த வீராங்கனை என்பார்கள், எங்கள் குலத்தில் இப்படியும் ஒருத்தி பிறந்தாள் என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. அவரை ஒதுக்கிய கூட்டமும் அவரைப் பெற்ற கூட்டமும் ஒன்றுதான் என்பதையும், கட்சிக்குள்ளேயே ஒரு பெண் இப்படி நடப்பதை எல்லாரும் எளிதில் ஏற்றிருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்சியில் அவரோடு வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் மனம் திறந்து பேச வேண்டும் என்று இந்த மடல் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை இந்த மண் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆண்டுதோறும் அங்கே கூடுகிறோம். ஆனால் அந்த நெருப்புக்கு முன்னால் இருபது முப்பது ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து, அடிமைப்பட்டுக் கிடந்தவர்களை நிமிரச் சொன்னவர்களைப் பற்றிய நினைவு ஆள் ஆளாக அழிந்துகொண்டிருக்கிறது. அவர்களில் மணியம்மா ஒருவர். இன்னும் பெயர் தெரியாத பெண்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். மணியம்மாவைத் தேடிப் போகும்போது அவர்களில் சிலரும் கிடைப்பார்கள் என்ற நம்பிக்கையும் எனக்கு உண்டு.

காணொளியாகப் பதிவு செய்வதா, ஒலியாக மட்டுமா, எந்த நூலகத்தில் சேர்த்து வைப்பது, யார் கேட்கலாம் என்பதெல்லாம் உங்களைப் போன்றோருக்குத் தெரிந்த நுட்பங்கள். ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன். பேசியவர்களின் பேச்சைப் புத்தகத் தமிழாக்கித் திருத்தாதீர்கள். அவர்கள் ஊர் வழக்கில் சொன்னபடியே இருக்கட்டும். பேசியவருக்கு ஒரு படியைக் கொடுத்து, அவர் வீட்டாரோடு உட்கார்ந்து கேட்கச் செய்யுங்கள்.

நிதி ஒதுக்கீடு, கருத்துரு, குழு, கூட்டம் என்று தொடங்கினால் ஓராண்டு போய்விடும். எண்பத்தைந்து வயதுக்காரருக்கு ஓராண்டு என்பது மிகப் பெரிய காலம். ஆகவே குழு அமைக்கும் வேலை ஒருபுறம் நடக்கட்டும். மறுபுறம், வரும் மாதத்திலேயே இரண்டு மாணவர்களை ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு பூந்தாழங்குடிக்கும் மணலூருக்கும் அனுப்புங்கள். கைபேசியே போதும். நடவு நேரமாக இருந்தால் வயலிலிருந்து பெண்கள் கரையேறிய பிறகு, பொழுது சாய்வதற்குள் போகச் சொல்லுங்கள். முதலில் பாட்டிகளிடம் தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கீழத் தஞ்சையைச் சேர்ந்த ஒரு வாசகர்